இரைச்சல்

கோவையில் ஏற்றும்போது நூறு லிட்டர்,
சீட்டில் அப்படித்தான் இருந்தது.
வாளையாறு செக்போஸ்ட்டில் இரண்டு பகல், ஓர் இரவு.
"துறக்கு" என்றாராம் வரிக்காரர்.
ஆறுச்சாமி வால்வைத் திருகினான்.
சித்திரை வெயிலில் வெள்ளைப் பனி சீறி எழ
ஆள் மூன்றடி பின்னால் போய்
அங்கிருந்தே சீல் குத்தினார்.

கஞ்சிக்கோட்டில் நான்
மெல்லிய குழாயைக் கலத்துக்குள் இறக்கினேன்,
தலைப்பில் கட்டிய ரப்பர்த் தோல்மேல் கட்டைவிரலை வைத்து.
படபடக்கும். திரவத்தைத் தொட்டதும் துடிப்பு மந்தமாகும்.
அந்த இடத்தில் கோடு கிழித்து அளந்தால்
அறுபத்தொன்று.
மேலே போன ஹீலியத்தை
எந்த மாநிலத்தில் போய்க் கேட்பது.

மீக்கடத்தி வளையம் என் சுண்டுவிரல் நகத்தில் பாதி.
குளிர்ந்துவிட்டால் ஒரே பிடிவாதம்,
காந்தத்தை முழு முழு எண்ணாகத்தான் உள்ளே விடும்.
வளையத்தில் இரண்டு இடத்தில் தடுப்பு உண்டு;
மின்துகள்கள் ஜோடி ஜோடியாய்க் கடந்துவிடும்,
சீட்டு இல்லை, நில் என்பார் இல்லை.
இதைச் சொன்னதும் ஆறுச்சாமி
இருமல் வருகிற வரை சிரித்தான்.

சோதனைக்கு வருவதாக இருந்தவர் வரவில்லை.
"நான் படுக்கட்டுங்களா?"
சாவி, சில்லறை, பெல்ட்.
தாயத்துக்குள் இரும்புத் தகடு என்றான்.
கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்து
பல்லால் கயிற்றை அறுத்தான்.

மணி ஒன்று ஐம்பது.
கூட்ஸ் வண்டி கணவாயைத் தாண்டுகிற வரை
கோடு பேய் பிடித்து ஆடியது.
அடங்கியது.
பிறகு,
பூமியின் காந்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்காய்
அவன் மார்பிலிருந்து சிறு மேடு. இன்னொன்று. இன்னொன்று.
தோலை எதுவும் தொடவில்லை.
பதினேழாவது வரவில்லை.
பதினெட்டாவது அவசரமாய் வந்தது.

"செரியா இருக்குதுங்களா?"
நான் டாக்டர் இல்லை.
நாளைக்கே போய்க் காட்டு என்றேன்.
"செக்போஸ்ட்ல நின்னு வந்தா அப்படித்தானுங்க"
என்று கயிற்றை முடிந்துகொண்டே போனான்.
காலிக் கலத்துக்கும் சீட்டு வேண்டும், கிழித்துக் கொடுத்தேன்.

திரையை அணைக்க மறந்திருந்தேன்.
கட்டில் காலி.
வெளியே லாரி கிளம்பியதும் கோடு மொத்தமாய்ச் சாய்ந்தது.
ஏழு டன் இரும்பு கிழக்கே நகர நகர
மெதுவாய், மிக மெதுவாய்
மட்டத்துக்கு வந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
2.40. இரைச்சல். காரணம், லாரி.
லாரியை அடித்துவிட்டு ஆறுச்சாமி என்று எழுதி
அதையும் அடித்தேன்.
அந்தக் கட்டத்தில் ஆள் பெயர் எழுதக் கூடாது.