மானி வாசிப்பவள் எடுத்த படங்கள்

வீட்டுக்கு வீடு கரண்ட் மானி வாசிப்பது என் வேலை.
இலக்கத்தை எழுதிவிட்டுக் கண்ணைத் திருப்பினால்
அங்கே ஏதாவது இருக்கும்.
அதைப் போனில் பிடித்துக்கொள்வேன்.
பத்து வருடம், மூவாயிரத்துச் சொச்சம் படம்.
ஒன்றிலாவது கோயில் இல்லை, கடலும் இல்லை.
கடல் தற்செயலாய்ப் பின்னால் வந்து நின்றால்
வெட்டிவிடுவேன்.
திருகோணமலையில் அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மத்திய வீதிப் புடவைக் கடை.
கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கு
இடக் கையில் மூன்று விரல்.
மிச்சம் இரண்டையும் யாரோ
மெழுகுதிரியில் செய்து ஒட்டியிருக்கிறார்கள்.
சித்திரை வெயிலில் அவை மெல்ல வளைந்து
இப்போது அவள் தெருவைப் பார்த்து
ஆரையோ கூப்பிடுகிறாள்.
"யாவாரம் கூடிட்டுது, நிமித்த மாட்டன்"
என்கிறார் முதலாளி குலவீரசிங்கம்.

திருக்கடலூரில் ஒரு பிளாஸ்டிக் கதிரை.
பிளந்த முதுகை வலை நூலால் தைத்திருந்தது.
தையலென்றால் தையல்,
என் சிசேரியனுக்கு ஆஸ்பத்திரியில் போட்டதைவிட நேர்த்தி.
படம் எடுக்கவா என்றேன்.
"கதிரையையோ, என்னையோ?"
கதிரையை.
மரியதாசனுக்கு முகம் கொஞ்சம் வாடியது.
பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து
கதிரையின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

ஜமாலியாவில் நசூஹா பை தைக்கிறாள்.
கரையொதுங்கிய உயிர்காப்பு அங்கிகளைப் பிரித்து,
அதே செம்மஞ்சள், அதே வார்,
விசில்கூட அப்படியே தொங்குகிறது.
"தண்ணியில விழுந்தாலும் காசு மிதக்கும், பாருங்க."
சிரித்தோம்.
அங்கியைப் போட்டிருந்தவர் மிதந்தாரா
என்று நான் கேட்கவில்லை.
நான்கு, ஒன்று, ஏழு, பூச்சியம், ஆறு
என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

மான்களை எடுப்பதே இல்லை.
பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர் எல்லாரும்
முதலில் அவற்றைத்தான் எடுக்கிறார்கள்.
ஒரு தடவை தவறிவிட்டேன்.
கச்சேரிக்கு முன்னால் ஒரு கலைமான்,
கொம்பில் ஆருடையதோ உள்பாடி,
வெள்ளை லேஸ், நல்ல விலையானது.
நிமிர்ந்த நடை.
காவல் நின்ற பொலிஸ்காரர்
வானத்தில் மழைக்குறி பார்த்துக்கொண்டிருந்தார்.
அன்று முழுக்க, மானி வாசித்த வளவுகளில்,
கொடிகளில் ஒரு வெற்றிடத்தைத் தேடினேன்.

போன கிழமை என்னையே படமெடுக்க வேண்டி வந்தது,
கந்தோர் அடையாள அட்டைக்கு.
உவர்மலை, றெஜினோல்ட் ஸ்டூடியோ.
ஆணியில் அந்தக் கறுப்புக் கோட்.
ஊரில் பாதிச் சனம்
வெளிநாடு போனது அதைப் போட்டுக்கொண்டுதான்.
முன்பக்கம் மட்டும் கோட்;
முதுகை நெடுகப் பிளந்து
நாடா வைத்திருக்கிறார்.
ஒல்லிக்கு இறுக்கி, தடிப்புக்குத் தளர்த்திக் கட்டலாம்.
கமராவுக்குத் தெரியாத இடத்தில்
ஆளுக்கொரு சாரம், பாவாடை, அரைக்காற்சட்டை.

பொக்கற்றில் கை போனது.
மூதூர்ப் படகுத் துண்டு ஒன்று.
பாதிப் பனடோல்.
நாலாய் மடித்த காகிதத்தில்
ஒரு பிறந்த திகதி,
ஒரே திகதி, பதினொரு தடவை,
பாடமாக்குகிற பிள்ளையின் கையெழுத்தில்.
முதல் வரியில் மட்டும்
வருடத்தை வெட்டித் திருத்தியிருந்தது.

இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்தேன்.
சும்மா வர மனமில்லை,
என் பேனையின் மூடியையும் உள்ளே போட்டேன்.

"சிரிக்கப்படாது. நாடியை நிமித்துங்கோ."
பளிச்.
நான் எழும்பவில்லை.
கதிரையோடு சுவர்ப்பக்கம் திரும்பி
இதையும் ஒன்று எடுங்கோ என்றேன்,
நாடா, முடிச்சு, இடையில் தெரியும் பூச்சட்டை எல்லாம் விழ.

நெடுநேரம் சத்தமில்லை.
பிறகு, விலை சொல்கிற குரலில் கேட்டார்:
"பாஸ்போட் சைஸோ, தங்கச்சி?"