வலஞ்சுழி

சின்னத்துறையில் எந்த இரும்பையும்
முதலில் உப்புதான் தொட்டுப் பார்க்கும்.
கதவுக் கீல், ஜன்னல் கம்பி, மீட்டர் பெட்டியின் பூட்டு.
இந்தமுறை காரின் பின்சக்கரம்.

ததேயுஸ் கடலுக்குப் போய் முப்பத்திரண்டு நாள்.
அவர் கார் ஓட்டுவதும் போட் ஓட்டுவதுபோலத்தான்.
கரை தெரியும்போதே விசையைக் குறைத்து
மிதந்து மிதந்து வந்து அணைப்பார்.
போட்டில் ஏது பிரேக்.
பின்னால் உள்ள டிஸ்க் இரண்டும் தேயவே இல்லை,
சும்மா இருந்தே கெட்டுப்போயின.

நித்திரவிளை வர்க்ஷாப்பில் ஒரு தொகை சொன்னார்கள்.
சொல்லிவிட்டு,
"அண்ணன் வரட்டுமே அக்கா, பேசிக்கிடலாம்."
நான் கூரியரில் வரவழைத்தேன்.
தூக்கிவந்த பையன் கேட்டான்,
"உள்ள என்ன, அம்மிக்கல்லா?"

ஞாயிறு.
ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு
முன்சக்கரத்துக்குக் கருங்கல் வைத்தேன்.
நட்டுகளை இளக்க ஸ்பானரில் இரும்புக் குழாய் மாட்டி
ஏறி நின்றேன், அறுபத்தெட்டு கிலோவும்.
ஜாக்கியை நம்பாமல்
கழற்றிய சக்கரத்தையே வண்டிக்கடியில் தள்ளினேன்.
காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது.
வலை பொத்தும் நைலானில்
ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டினேன்,
ததேயுஸ் போடும் அதே முடிச்சு.

டிஸ்க்கைப் பிடித்திருப்பது ஒரேயொரு ஸ்குரூ.
அதன் தலை மழுங்கி வழித்துக்கொண்டது.
உளியால் கொத்தி எடுத்தபிறகும் டிஸ்க் வரவில்லை.
சுத்தியல். மண்ணெண்ணெய். மறுபடி சுத்தியல்.
கோயில் ஒலிபெருக்கியில்
கல்யாண அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார்கள்:
தடை ஏதேனும் அறிந்தவர்கள்
பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்.
தடையா சாமி,
இங்கே இருக்கிறது, வரமாட்டேன் என்று.
டங்.
மூன்றாம் ஜோடியின் பெயர் வாசிக்கும்போது
கழன்று பாதத்தருகே விழுந்தது,
செதில்செதிலாகத் துரு, மீன் உரசின தரைபோல.

புதியதன் எண்ணெயைத் தின்னரால் துடைத்து
விளிம்பில் மட்டும் பிடித்து ஏற்றினேன்.
சரிதான், முடிந்தது என்று
பிஸ்டனை அழுத்தினால், சவம், அசையவில்லை.
கிளாம்ப் போட்டேன். முழங்காலால் தள்ளினேன்.
போன வருஷம் முன்சக்கரத்தில்
வெண்ணெய்போல உள்ளே போனதே.

அரைமணி நேரம் அதன் முகத்தையே பார்த்திருந்தேன்.
முகத்தில் இரண்டு பள்ளங்கள்.
பிறகுதான் உறைத்தது.
இடியாப்ப நாழி.
வெறுமனே அழுத்த இல்லை,
அழுத்திக்கொண்டே திருக.
குறட்டின் இரு மூக்கையும் பள்ளங்களில் ஊன்றி
வலப்பக்கமாக, கால் சுற்று, கால் சுற்று.
வியர்வை கண்ணில் இறங்க
பிஸ்டன் தானே தன் வீட்டுக்குள் போவதுபோலப் போனது.

இடதுபக்கத்துக்கு மூன்றரை மணிநேரம்.
வலதுக்கு நாற்பது நிமிஷம்.

"பிரிஸ்கா, ஏறி இரு. நடுவில உள்ளத மிதி."
அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது.
இருபது வருஷம் தையல் மெஷின் மிதித்த கால்.
"எக்கா, அடிவரைக்கும் போயிட்டு! ஒடச்சிட்டேனா?"
"இல்ல பிள்ளே, மிதி."
"போவுது."
"மிதி."
"எக்கா, இப்ப கல்லுபோல நிக்கி."
நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன்.
அவள் பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தாள்,
ஒரு பாவாடைக்கு விளிம்படிக்கும் அளவு.

இரயுமன்துறை ரோட்டில்
வேகம் பிடிப்பதும் மெல்ல மிதிப்பதுமாகப் பத்து முறை.
புதுப் பேட் டிஸ்க்கோடு பழகவேண்டும்.
"பழகுறாவ" என்று வலை உலர்த்துகிறவர்கள் சிரித்தார்கள்.
ஒருவகையில் சரிதான்.
கருகிய வாடைக்கு பிரிஸ்கா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்,
இறங்கும்போது பழைய டிஸ்க்கில் ஒன்றைக் கேட்டாள்,
கருவாட்டுப் பானைமேல் பாரம் வைக்க.

இரவு சாட்டிலைட் போன்.
காற்றும் எஞ்சின் சத்தமும்,
இடையில் எங்கேயோ அவர்.
"வண்டி ஓடுதா?"
"நல்லா நிக்கி" என்றேன்.
லைன் அறுந்தது.

இன்னும் பத்து நாள்
வண்டி ஓடாமல் நிற்கிறதென்று
நடுக்கடலில் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்.