எட்டாவது கேபிள்

பழைய மோடம் செத்த மறுநாள்
அட்டைப்பெட்டியில் புதியது வந்தது.
வெள்ளை. வழவழப்பு. முகம் என்று எதுவும் இல்லை.
கூடவே ஒரு தாள்:
"கண்ணாடி இழை வீடு வரை வந்துவிட்டது.
உள்ளே டிவிகளுக்குப் பழைய கேபிளே போதும்.
சுவர் முனையில் பொருத்தவும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.
எழுதியவர் பஃபலோவில் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை.

முனை இருந்தது, சோபாவுக்குப் பின்னால்,
மூன்று முறை அடித்த பெயிண்டில் பாதி மூடி.
திருகினேன்.
ஆரஞ்சு விளக்கு சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது,
கடன் கேட்க வந்தவன்
வாசலில் தொண்டையைக் கனைப்பதுபோல.

நிலவறைக்கு இறங்கினேன்.
கொதிகலனுக்கு மேலே, உத்தரத்தில்,
உள்ளங்கை அகல உலோகத் துண்டு:
ஒரு பக்கம் ஒரு வாய், மறுபக்கம் எட்டு.
ஒற்றை வாய்க்கு வருவது கூரை ஆண்டெனாவிலிருந்து.
நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ நட்டது;
காக்கை உட்காரத்தான் என்று நினைத்திருந்தேன்.
எட்டு வாயிலும் கறுப்புக் கேபிள்.
எது எங்கே போகிறது என்று
எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.
ஒன்றில் மட்டும் ஒட்டுத்தாள்: "சின்ன அறை."
இந்த வீட்டில் மூன்று சின்ன அறைகள்.

மேலே மகள் ரொசெல், கீழே நான்.
"இப்போ?"
"இல்ல!"
"இப்போ?"
"அதே ஆரஞ்சு!"
டிப்போவில் உட்கார்ந்தபடி
நாற்பத்திரண்டு பேருந்துகளுக்கு வழி சொல்கிறவள் நான்.
எட்டுக் கேபிள் என்னை முழிக்க வைத்தது.

ஏழுக்கு ஆள் கண்டுபிடித்தேன்.
கூடம். ரொசெல்லின் டிவி.
ஒன்று குளியலறைச் சுவருக்குள் போய் முடிந்தது,
குளித்துக்கொண்டே செய்தி பார்த்தவர் யாரோ.
மற்றவை எங்கும் போகவில்லை.

எட்டாவதைக் கழற்றினேன்.
"இப்போ?"
பதில் மேலிருந்து வரவில்லை.
பக்கத்துச் சுவரிலிருந்து வந்தது.
மூன்று தட்டு.

இரட்டை வீடு இது, நடுவில் ஒரே சுவர்.
அந்தப் பக்கம் காச்மாரெக்.
அள்ளிய பனியை யார் பக்கம் கொட்டுவது என்பதில்
போன பிப்ரவரியோடு பேச்சு நின்றது.
அவர் இருமல் தெரியும், கதவுச் சத்தம் தெரியும்.
முகம்தான் மங்கிவிட்டது.

திருகினேன். தட்டு நின்றது.
கழற்றினேன். தட்டியது.
வேண்டுமென்றே இன்னொரு முறை கழற்றினேன்,
பொய் சொல்வானேன்.

வாசலுக்கே வந்துவிட்டார்,
அந்தப் பனியில் வீட்டுச் செருப்போடு.
"கௌபாய் துப்பாக்கியை உருவுகிறான், படம் போய்விடுகிறது.
மூன்று முறை உருவிவிட்டான்."
இருபத்தாறு வருடமாக
அந்த கேபிள் வாடகையோடு சேர்ந்தது என்றிருந்தாராம்.
என் நிலவறையிலிருந்து போகிறது என்று அவருக்குத் தெரியாது.
எனக்கும்தான்.

அவரே டார்ச் பிடித்தார், கோணலாக.
பழைய பிரிப்பான் பழைய வேகத்துக்குச் செய்தது,
புதிய பெட்டியின் பேச்சு அதற்குள் நுழையவில்லை.
கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்தேன்,
கூடவே விரல் நுனி அளவில் ஒரு வடிகட்டி.
அதை எட்டாவதின் கழுத்தில் மாட்டினால்
ஆண்டெனாவின் படம் அந்தப் பக்கம் போகும்,
என் வீட்டுச் சமாச்சாரம் போகாது.
இப்படி ஒரு சாமான் எட்டு டாலருக்குக் கிடைக்கும் என்று
பிப்ரவரியில் யாராவது சொல்லியிருக்கலாம்.

பனியைப் பற்றி இருவருமே வாயைத் திறக்கவில்லை.
போகும்போது டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
அது என்னுடையது.

"பச்சை!" என்று மேலே ரொசெல் கத்தினாள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒருவழியாகத் துப்பாக்கி வெடித்தது.
கொஞ்ச நேரம் கழித்து
ஒரே ஒரு தட்டு.

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
ஆரஞ்சுக்கு, பச்சைக்கு, சிவப்புக்கு
அர்த்தம் போட்டிருந்தது.
ஒரு தட்டுக்குப் போடவில்லை.