பார்வைக்கோடு

இந்த வேலையில் விதி என்று ஒன்று உண்டென்றால்
அது பாண்டெரோசா பைன் மரம்.
நடுவில் ஒன்று நின்றால் போதும்,
அந்த வீட்டுக்குப் பாடம் இல்லை, மருத்துவர் இல்லை,
மானியப் படிவம் பாதியில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

முகட்டில் எங்கள் நெஸ் பெர்ஸ் மன்றம் நட்ட கோபுரம்.
அதன் கண்ணில் படுகிற கூரைக்கெல்லாம்
ஒரு வெள்ளைத் தட்டை மாட்டிவிட்டு வருவேன்.
படாத கூரைகளின் பட்டியல்
டிரக்கின் வெயில்மறைப்பில் செருகியிருக்கும்.
எட்டு மாதமாக முதல் பெயர்
அர்லெட் ஹாஃப்மூன்.

பள்ளத்தாக்கு உள்ளங்கையைக் குவித்து
மூடிவைத்த இடத்தில் அவள் வீடு.
செவிலியர் படிப்பு, நாற்பத்தாறு வயதில்.
தேர்வென்றால் இருபத்தாறு மைல் ஓட்டிப்போய்
பூட்டிய நூலகத்தின் வாசலில்
காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு எழுதுவாள்.
பதினேழாம் கேள்வியில் ஒருமுறை பெட்ரோல் தீர்ந்தது.

முப்பதடிக் கம்பம் நட்டுப் பார்த்தேன்.
காற்று அதை வணங்க வைத்தது.

கோபுரமும் அவள் வீடும் சேர்ந்து தெரிகிற கூரை
அந்தச் சரிவில் ஒன்றே ஒன்று:
வெர்ன் மோஃபெட்டின் குதிரைக் கொட்டகை.
புள்ளிபோட்ட பெட்டைக் குதிரை ஒன்றை அவர் விற்றார்.
அதில் பாதி தன்னுடையது என்கிறாள் இவள்.
பதினொரு வருடமாகப் பேச்சில்லை.

போய்க் கேட்டேன். பல்லில் ஆணி,
கையில் குதிரையின் குளம்பு.
"கரண்டு எவ்வளவு குடிக்கும்?"
"சின்ன பல்பு அளவு."
"அவ கேட்டாளா?"
"கோபுரம் கேக்குது" என்றேன்.
நான்கு ஆணி அடித்து முடித்தார்.
"கொட்டகைக்குச் சம்மதம். எனக்குன்னு எடுத்துக்காதே."

அர்லெட் கதவைச் சாத்திக்கொண்டாள்.
மூன்றாம் நாள் குறுஞ்செய்தி:
என் மெயிலை அவன் படிப்பானா?
பூட்டிய பெட்டி அவர் கூரை வழியாகப் போகும்,
சாவி அவரிடம் இல்லை என்று எழுதினேன்.
சரி என்று வருவதற்கு இன்னும் ஒரு நாள்.

தட்டு தட்டை நேராகப் பார்க்க வேண்டும்.
ஒரு விரற்கடை பிசகினாலும் எண் சரியும்.
என் உதவியாளுக்கு அன்று காய்ச்சல்.
அவள் கூரையில் அவள், இவர் கூரையில் நான்,
ஏணியின் பாதியில் வெர்ன்,
மான் துப்பாக்கியிலிருந்து கழற்றிய தொலைநோக்கியுடன்.

"இடப்பக்கம் கொஞ்சம்" என்பார்.
வாக்கி டாக்கியில் நான் "இடப்பக்கம் கொஞ்சம்" என்பேன்.
அங்கே அவள் திருப்புவாள்.
"இன்னும்."
"இன்னும்."
எண் சரியானதும் நான் போல்ட்டை இறுக்கினேன்.
அவர் தொலைநோக்கியை இறக்கவில்லை.
"நரைச்சுப் போச்சு" என்றார்.
அதை நான் வாக்கி டாக்கியில் சொல்லவில்லை.

ஜனவரியில் பனிமழை.
ஒன்பது பன்னிரண்டுக்கு என் திரையில் ஒரு புள்ளி சிவந்தது.
அன்று அவளுக்கு மருந்தியல் தேர்வு.
டயர்களுக்குச் சங்கிலி மாட்டி, கைவிரல் மரத்து,
பாதி வழி போவதற்குள் புள்ளி பச்சையாயிற்று.
ஆனாலும் போனேன்.

கொட்டகை வாசலில் வெர்ன்,
பைஜாமாவுக்கு மேல் தோல்கோட்டு.
ஃப்யூஸ் போயிருந்ததாம்.
"எப்படித் தெரிஞ்சுது?"
"பழைய கம்பிப் போன்ல கூப்பிட்டா."
"என்ன சொன்னா?"
பூட்ஸில் ஒட்டிய பனியைப் படியில் தட்டினார்,
ஒரு காலை, பிறகு இன்னொரு காலை.
"'உன் கொட்டகை விளக்கு எரியலையே'ன்னா."

அந்த விளக்கு அவள் சமையலறை ஜன்னலுக்கு மட்டும்தான் தெரியும்.
அது எனக்குத் தெரியும்; அளந்தவள் நான்.
எத்தனை வருடமாகத் தெரிகிறது என்று கேட்கவில்லை.

டிரக்கில் ஏறி ஒரு பெயரை அடித்தேன்.
அடுத்தது ரஸல் ரெட்ஹார்ட்.
நடுவில் ஒரு பைன், எண்பதடி இருக்கும்.
அது யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று
காலையில் விசாரிக்க வேண்டும்.