பெண்கள் இழுக்கும் மேடு

ஸ்வைஹானுக்கு முந்திய திருப்பத்தில்
அனுமதி வாங்கிய பண்ணை ஒன்றின் பின்புறம்
ஐந்து கைவண்டிகள்.
முசஃபா பட்டறையில் சபை ஆட்களே செய்தது.
மரச்சக்கரம் மணலில் புதையுமென்று
பழைய டயரை அறுத்துச் சுற்றியிருந்தார்கள்.

நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால்
இப்படித்தான் போனார்களாம்
பனியில், மாவை அளந்து தின்று,
சீயோனைத் தேடி.
எங்களுக்குப் பனிக்குப் பதில் மணல்.
சீயோனுக்குப் பதில் கார்கள் நிற்கிற மைதானம்.
நாலு கிலோமீட்டர்.

ஆளுக்கு எட்டு கிலோதான் சாமான் என்றார் பிஷப்.
முப்பது கிலோவுக்குள்
இரண்டு வருஷத்தை அடைத்துக் கயிறு கட்டிப் பழகிய கூட்டம்
கொல்லென்று சிரித்தது.
அமெரிக்கக் குடும்பங்களுக்குப் புரியவில்லை.

தலைக்குல்லாய்க்குத் துணி கிடைக்காமல்
நைட்டி ஒன்றைக் கிழித்துத் தைத்திருந்தேன்.
பூப்போட்டது எவ்வளவு அழகு, எங்கே வாங்கினாய்
என்று கேட்டாள் செபுக்காரி மரிவிக்.
நான் சொல்லவில்லை.

மேடு வந்ததும் விசில் ஊதினார்கள்.
அந்தக் காலத்தில்
சில ஆண்கள் வழியிலேயே செத்தார்கள்,
சிலரைப் போருக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள்;
அதனால் இனி உச்சிவரை பெண்கள் மட்டும்.
ஆண்கள் இரண்டு ஓரமும்
தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டும்.
பேசக்கூடாது. தொடக்கூடாது.

தர்மசீலன் கிரிக்கெட் தொப்பியைக் கழற்றி
நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.
அவருக்கு முன்மண்டை வழுக்கை விழுந்திருப்பதை
வெயிலில் அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

குறுக்குக்கட்டையை வயிற்றில் கொடுத்துத் தள்ளினேன்.
பின்னால் ஷெரின்.
"அம்மா, இடதுபக்கம் இறங்குது."
தெரியும்.
இடதைத் தூக்கினால் வலது சறுக்கும்,
அதுவும் தெரியும்.
ஒன்பது வருஷம் இதே மேட்டை
முத்தையாபுரத்தில் ஏறியிருக்கிறேன்.
இவளுக்கு வலிப்பு வந்த ராத்திரி
ஆட்டோ தேடி மெயின் ரோடுவரை ஓடினது.
ஏஜென்ட்டுக்குக் கட்ட வளையலை அடகு வைத்து
மீட்டு, திரும்ப வைத்து,
கடைசியில் ரசீதும் தொலைந்தது.
படுத்துவிட்ட இவருடைய அப்பா.
போனில் மட்டும்
"நல்லா இருக்கோம்" என்பேன்.
அந்தப் பக்கத்திலிருந்தும் அதே வாக்கியம்தான் வரும்,
பன்னிரண்டு பேர் படுக்கிற அறையிலிருந்து.

பாதி மேட்டில் சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது.

ஒட்டகம் மேய்க்கிற சூடான்காரர் ஒருவர்
எங்கிருந்தோ ஓடி வந்தார்.
கையிலிருந்த கம்பை வீசிவிட்டு
ஆரக்காலைப் பிடித்து நெம்பினார்.
வேண்டாம் வேண்டாமென்று பிஷப் கையாட்டினார்.
அவர் நிமிர்ந்தார்,
இரண்டு ஓரமும் தொப்பியோடு நின்ற ஆண்களைப் பார்த்தார்,
அரபியில் வெளுத்து வாங்கினார்.
ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.
குழந்தைகளுக்குக்கூடப் புரிந்தது.

தர்மசீலனின் ஒரு கால் முன்னால் வந்து
அப்படியே நின்றது.
விதியை மீறாதவர்;
விசா தாளில் சொன்னதைக்கூட மீறாதவர்.

நாங்கள் ஏறிவிட்டோம். மரிவிக் அழுதாள்.
நான் அழவில்லை, மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.
சூடான்காரருக்கு
ஆரஞ்சு ஜூஸும் இரண்டு பன்னும் கொடுத்தார்கள்.
எங்கே போகிறீர்கள் என்று கேட்டாராம்.
பார்க்கிங்குக்கு என்று
யாரால் சொல்ல முடியும்?

திரும்பும்போது ஷெரின் பின்சீட்டில் தூங்கிவிட்டாள்,
ஷூவிலிருந்த மணலை மிதியடியில் கொட்டிவிட்டு.
இவர் ஏசியைக் குறைத்தார், கூட்டினார்.
லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
ஒரு பெட்ரோல் பங்க் தாண்டி,
இன்னொன்றும் தாண்டி,
சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார்:

"அப்பாவ எப்படிக் குளிப்பாட்டுவ?"

யாரும் அதுவரை கேட்டதில்லை.
சொல்ல ஆரம்பித்தேன்:
"முதல்ல வாளியக் கொண்டுபோய் வெயில்ல வச்சிருவேன்..."