எழுத்தில்லாத படங்கு

பிதியாவில் தார்ச்சாலை முடிகிற இடத்தில்
டயருக்குக் காற்றைக் குறைத்துக்கொண்டு
மணலுக்குள் இறங்கினோம், மூன்று பேர்.
பிக்கப்பின் முதுகில் ஒரு கித்தான்.
பன்னிரண்டுக்குப் பதினெட்டடி,
ஓரமெல்லாம் பித்தளைக் கண்.
சோகாருக்கும் சூருக்கும்
சிமென்ட் மூட்டைகளைப் போர்த்தி அலைந்தது.
கம்பெனி கழித்துக்கட்டியதை
ஐந்து ரியாலுக்கு வாங்கியிருந்தான் அந்தோணிப்பிச்சை.

ஜிப் கிடையாது, அலுமினியக் கம்பி கிடையாது,
கயிறு, கம்பு, துணி.
அந்தக் காலத்துப் படைக்காரன்
எப்படித் தூங்கினானோ அப்படி என்றான்.

"ஆறு நாள் கேம்ப்பில் கிடக்கிறோம்,
ஏழாம் நாளும் கேம்ப்பா?"
"அது வேற கேம்ப்டா" என்றான்
ஆப்பை அடித்துக்கொண்டே.

ஆப்பு நிற்கவில்லை.
மணல், கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு
எதையும் பிடித்துவைக்காத கை.
அதுவரை பேசாதிருந்த தயாபரன்
நான்கு பாஸ்மதிச் சாக்குகளில் மணலை நிரப்பி,
கழுத்தில் கயிறு கட்டி,
முழங்கை ஆழத்தில் புதைத்தான்.
மணலை மணலிலேயே நங்கூரமிட்டான்.

உச்சிக் கயிற்றின் மறுமுனை மரத்துக்கு.
வண்டியை நிறுத்திய ஓமானிக் கிழவர்
"காஃப்! கிளையை ஒடிக்காதே" என்று
சொல்லிவிட்டுப் போனார்.
இலையைக் கிள்ளிப் பார்த்தேன்.
எங்கள் சிவன் கோயிலில் நிற்பதுதான். வன்னி.
"நானும் வன்னிதான்" என்றான் தயாபரன்.

மாலை வெயிலுக்கு ஒருபக்கச் சாய்ப்பு.
சுலைமானி கொதிக்கும்வரை நாலுகால் பந்தல்.
பத்து மணிக்குக் காற்று தெற்கே திரும்பியதும்
முன்வாயை மடக்கி முதுகைத் தாழ்த்தினான்.
பிறகு கம்பையே உருவிவிட்டான்,
ஆமையோட்டுக்குள் மூவரும்.
ஒரு முடிச்சை அவிழ்த்தால் வேறொரு வீடு.
எல்லாம் டார்ச் இல்லாமல்,
கயிற்றைப் பல்லில் கடித்தபடி.

"எங்கடா கத்துக்கிட்ட?"

"பதினெட்டு இடம்.
அவிழ்க்கிறது, கட்டுறது, அவிழ்க்கிறது.
கடைசி இடத்தில கம்பு கிடைக்கேல்லை.
அம்மாவும் அக்காவும்
ஆளுக்கொரு மூலையைப் பிடிச்சவை,
விடியும்வரைக்கும்."

தலைக்கு மேல் துணி உப்பியது, அடங்கியது.
உட்புறத்தை உள்ளங்கையால் தடவினான்.
"இது நல்ல படங்கு.
நீல எழுத்து ஒண்டும் இல்லை."

அதற்குப் பிறகு பிச்சை
படைக்காரர்களைப் பற்றிப் பேசவில்லை.
ஆறிப்போன சுலைமானியை ஊற்றினான்,
மணல் நறநறக்கக் குடித்தோம்.
நான் தூங்கிவிட்டேன்,
சிமென்ட் வாசனையில், வெட்கமில்லாமல்.

விடியலில் கித்தான் பனியில் நனைந்து
இரண்டு மடங்கு கனத்தது.
மடிக்க நாலு பேர் வேண்டும்.
ஆளுக்கொரு மூலையைப் பிடித்து
இழுத்து உதறினோம்.
நாலாவதை, அவிழ்க்க மறந்த கயிற்றோடு,
மரம் பிடித்துக்கொண்டு நின்றது.