டைரக்ட்

கோரிமேட்டில் பெட்ரோல் போடும்போதே
முப்பத்தொன்பது டிகிரி.
பையில் மல்டிமீட்டர், டெஸ்டர்,
நான்கு தெர்மோஸ்டாட், இரண்டு கட்-அவுட்.
மேலே எல்லோருக்கும் வெந்நீர் வேண்டும்.
கீழே என் கடையில்
சூடேறி நின்றுபோன கிரைண்டர் மோட்டார் மூன்று
ஆறட்டும் என்று கிடக்கின்றன.
இரண்டு பருவத்தில் சோறு தின்கிறவன் நான்.

பதினாலாவது கொண்டை ஊசியில் காது அடைத்தது.
பதினேழில் திறந்தது.

லாட்ஜ் பெயர் சொல்ல மாட்டேன்.
ஏரிக்கு இந்தப் பக்கம், ஓட்டுக் கூரை.
"ஆறாம் நம்பர்ல குழாயத் திறந்தா
ஆவியா வருதுங்க,
பயம் ஒண்ணும் இல்லையே?"
என்றார் மேனேஜர் ஞானாதிக்கம்.
ஒன்றுமில்லை என்றேன், பார்க்கும் முன்பே.
எங்கள் தொழிலில் அது வணக்கம் மாதிரி.

லில்லி புஷ்பம் ஏணி பிடித்தாள்.
"ரெண்டு ராத்திரியா முனகுதுண்ணா.
பக்கத்து ரூம்காரங்க
கரடின்னு நெனச்சாங்க."

மெயினை அணைத்து, ஆறவிட்டு, மூடியைக் கழற்றினேன்.
டேங்க் ஒரு பக்கம்
பூரி போல உப்பியிருந்தது.
உப்பு அடைத்து வால்வு செத்திருந்தது.
தெர்மோஸ்டாட் உள்ளுக்குள் உருகி ஒட்டியிருந்தது.
அது நடக்கும். நடந்தால் பிடிக்கத்தான்
அதற்குப் பின்னால் கட்-அவுட்:
கறுப்பு டப்பி, நடுவில் சிவப்புப் பொத்தான்,
உள்ளே ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னத் தகடு.
இரண்டு உலோகம், ஒன்றின் முதுகில் ஒன்று.
குழிந்தபடி பொறுத்துக்கொண்டே இருக்கும்,
ஓர் எல்லை வரை.
பிறகு
டிக்.
மறுபுறம் புடைத்துக்கொள்ளும். கரண்ட் போய்விடும்.
அதற்கு சீசன் தெரியாது. ரூம் வாடகை தெரியாது.
யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை
பேசாது.

அந்த டப்பியின் இரண்டு காலையும் சேர்த்து
ஒரு சாண் ஒயர்.
டைரக்ட்.
இந்த இரண்டு ராத்திரியில் தகடு
எத்தனை முறை டிக் என்றதோ.
அதன் தலைக்கு மேலே
கரண்ட் போய்க்கொண்டேயிருந்தது.

எந்த மடையன், என்று வாயெடுத்தேன்.

பச்சை டேப்.
மூன்று சுற்று, இடப்பக்கமாக.
அடுத்த தடவை நகத்துக்கு அகப்படட்டும் என்று
நுனியை மடித்து ஒட்டியது.
எல்லோரும் சுற்றுவது கறுப்பு.
செவ்வாய்ப்பேட்டையில் விலை போகாத பச்சை
இருபது உருளையைப் பாதி விலைக்கு
அள்ளி வந்தவன் ஒருவன்தான்.

மூன்று மே மாதம் முன்பு.
மலர்க் கண்காட்சி, ஒரு ரூமும் காலியில்லை,
ஆறாம் நம்பரில் கல்யாணமாகி நாலு நாளான ஜோடி.
கட்-அவுட் சும்மாச் சும்மா தட்டிக்கொண்டிருந்தது.
மாற்ற என்னிடம் வேறு இல்லை.
"இன்னிக்கு ஓடுனாப் போதுங்க."
"திங்கக்கிழமை வந்து மாத்திடறேன்."
எழுநூறு ரூபாய் வாங்கினேன்.
திங்கட்கிழமை வந்தது.
நான் வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலின் தலைமாடு.

"யாருண்ணா இப்படிப் பண்ணது?"
ஏணி மேலிருந்தேன், முகம் தெரியாது அவளுக்கு.
"நான்தான்."
ஏணி அசையவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துக் கீழிருந்து வந்தது:
"அப்ப டேங்கும் உங்க கணக்குதான."
என் கணக்குதான். எழுதிக் கொடுத்தேன்.

இறங்கும்போது எட்டாவது வளைவில்
பிரேக் கருகும் வாசனை.
ஓரம் கட்டினேன்.
அடியில் சேலம் விளக்குப் போட ஆரம்பித்திருந்தது.
அஸ்தம்பட்டி பல் டாக்டர் வீட்டு ஸ்டெரிலைசர்.
சூரமங்கலத்தில் ஒரு இஸ்திரிப் பெட்டி,
இல்லை, இரண்டு.
அம்மாபேட்டையில் எந்தச் சந்து அது,
சேலை மடிக்கும் ஷெட்டில் ஒரு ஹீட்டர்.
நோட்டில் இதெல்லாம் எழுதுகிற வழக்கமில்லை.
இருபதில் நாலு உருளை மிச்சம்.
கணக்கு அவ்வளவுதான் தெரியும்.

போன் அடித்தது. கடையிலிருந்து இளம்பரிதி.
"இட்லிக்கடைக்காரர் நிக்கறாருண்ணா.
மோட்டார் இன்னும் ஆறல,
டைரக்ட் குடுத்துரச் சொல்றாரு,
மாவு ஆட்டணுமாம். குடுத்துரட்டா?"

பின் சக்கர டிரம்மில் விரல் வைத்தேன்.
எடுத்துக்கொண்டேன்.

"டிராயரப் பூட்டு" என்றேன்.